சிறுதேரும் நுங்கு வண்டியும்

ஆண்டறிக்கை மலர்களில் வரலாறு எழுதப் புகும்போது பள்ளிவாசல் எழுந்த வரலாறு, கடல் வணிகம், கல்விக்கூடம் தோன்றிய கதை என்றே நாம் பெரும்பாலும் எழுதி வருகிறோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் அவ்வரலாறுகளில் எல்லாம் பெரியவர்கள் மட்டுமே நடமாடுகின்றனர். அதே தெருவில், அதே முற்றத்தில் ஓடித் திரிந்த பிள்ளைகள் எதைக் கையில் வைத்து விளையாடினார்கள் என்பதை எந்தப் பத்திரமும் பதிவு செய்யவில்லை. விளையாட்டுப் பொருள் உடையும், தொலையும், அடுப்பில் போகும். அதனைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆகவே பிள்ளை விளையாட்டின் வரலாற்றை மண்ணுக்கு அடியிலும், புலவர் பாட்டின் ஓரங்களிலும், முதியவர்களின் நினைவிலும் தேடிப் பொறுக்க வேண்டியுள்ளது.

விளையாட்டு மாறிவிட்டது என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். எது மாறியது என்று வினவினால், முன்பு மரம், இப்போது பிளாஸ்டிக்; முன்பு தெரு, இப்போது கைப்பேசி என்று விடை வருகிறது. அது பாதி விடைதான். மரமும் மண்ணும் போனதைக் காட்டிலும், பொருளைச் செய்து முடிக்கும் வேலையும் ஆட்டத்தின் விதியை வகுக்கும் உரிமையும் பிள்ளையின் கையை விட்டுப் போனதே பெரிய மாற்றம் என நாம் கருதுகிறோம். அது எப்போது, எவ்வழியாகப் போயிற்று என்பதைச் சற்றே பின்சென்று காண்போம்.

மண்ணுக்கு அடியில்

சிந்துவெளி நகரங்களான மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் சுடுமண் வண்டிகள் உள்ளன. சக்கரம் சுழலும், முன்னே பூட்டச் சுடுமண் காளைகளும் உண்டு. பறவை வடிவில் செய்து ஊதுவதற்குத் துளையிட்ட ஊதல்களும், கயிற்றை இழுத்தால் தலையசைக்கும் காளையும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பிள்ளைகள் இவற்றை உருட்டியும் ஊதியும் விளையாடியிருக்கின்றனர். அவ்வண்டிகளின் அமைப்பு அக்காலத்துப் பெரியவர்களின் பாரவண்டியையே ஒத்திருக்கிறது. பெரியவர் உலகில் எது ஓடுகிறதோ அது சிறுத்துப் பிள்ளையின் கைக்கு வருவது அன்றே தொடங்கிவிட்டது.

நம் தமிழகத்தில் கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வு இதற்குப் புதிய சான்றுகளைத் தந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் பகடைக்காய்கள், ஆட்டக்காய்கள், வண்டிச் சக்கரங்கள் ஆகியவற்றுடன் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் இடம்பெற்றன. இச்சில்லுகளை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அவை உடைந்த பானை ஓட்டை எடுத்து, விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியவை. பாண்டி ஆடுவதற்கு நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஓட்டுத் துண்டைத் தரையில் உரைத்து உருட்டையாக்கியதும் இதே வேலைதான். உடைந்த பானை பெரியவர்களுக்குக் குப்பை, பிள்ளைக்கு மூலப்பொருள். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

பாட்டின் ஓரத்தில்

சங்கப் பாடல்களில் பிள்ளை விளையாட்டு பலவிடங்களில் வருகிறது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டு முற்றத்தைக் காட்டும்போது, குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டிவரும் சிறுவர்களைக் காட்டுகிறார். காயும் தானியத்தைக் கொத்தவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறிக்கிறதாம். அப்புலவரே பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்து கொடுத்த தேரை உருட்டிக் களைத்த சிறுவர்கள் பாலருந்தித் தூங்குவதையும் சொல்கிறார். குறுந்தொகையின் 61ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. தச்சன் செய்த சிறு குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. கையால் இழுத்தே இன்பம் கொள்கிறார்கள் என்று உவமை கூறுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காசு கொடுத்துச் செய்வித்த விளையாட்டுப் பொருள் நம்மிடையே இரண்டாயிரம் ஆண்டுகளாகவே இருந்திருக்கிறது. முற்காலத்துப் பிள்ளைகள் அனைவரும் தாமே செய்து விளையாடினர் என்று இக்காலத்து மேடைகளில் பேசுவது சரியன்று. தச்சன் செய்த தேர் செல்வர் வீட்டுக்கு உரியது. கடற்கரைச் சிறுமியர் மணலில் பாவை செய்தனர், மணல்வீடு கட்டினர், கழற்சிக்காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கழங்காடினர். பெரும்பாணாற்றுப்படையின் பட்டினத்துச் செல்வச் சிறுமியரோ பொன்னாற் செய்த கழங்கைக் கொண்டு ஆடினராம். ஆட்டம் ஒன்றே, காய்தான் வேறு. வடமொழியில் சூத்திரகர் எழுதிய மிருச்சகடிகம் என்னும் நாடகம் தன் பெயரையே ஒரு மண்வண்டியிலிருந்து பெற்றது. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைக் கண்டு, தனக்குக் கிடைத்த மண் வண்டி வேண்டாம் என்று அழும் சிறுவனின் கதை அதில் வருகிறது. அவ்வழுகை இன்றைய கடைவீதிகளில் நமக்குப் பழக்கமானதே.

ஏழாம் நூற்றாண்டு அரபகத்திலும் துணித்துண்டுகளே பிள்ளையின் பொருளாயின. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் வைத்து விளையாடிய பொம்மைகளுள் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் விடை கூற, நாயகம் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்பது அச்செய்தி. கேட்ட கதையும் கையில் இருந்த துணியும் சேர்ந்து ஒரு குதிரை ஆகிவிட்டது.

தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவது. ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன இறுதி மூன்று பருவங்கள். பெண்பாலுக்கு அவ்விடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவை வரும். செய்யிது அனபிய்யா புலவர் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். நம் முஸ்லிம் புலவர்கள் வேறு பலரும் இவ்வகையில் பாடியுள்ளனர். அரபகத்துச் செய்தியைப் பாட வந்த புலவர்களின் கையிலும் தமிழ்ப் பிள்ளையின் சிறுபறையும் சிறுதேரும் இருந்தன என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

முற்றத்தில் வந்திறங்கிய கடல்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் எனக் கடலோரமாக அமைந்த நம் ஊர்களில் ஆண்பிள்ளைக்குத் தெருவும் திடலும், பெண்பிள்ளைக்கு முற்றமும் விளையாட்டுக் களமாக இருந்தன. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் மட்டும் புழங்கும் முடுக்குகள் உண்டு. ஒரு வீட்டுச் சிறுமி அடுத்த வீட்டுக்குப் பல்லாங்குழிப் பலகையைத் தூக்கிச் செல்ல அவ்வழியே போதுமானதாக இருந்தது.

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தோ ஆறோ முத்துகள் இட்டுத் தொடங்குவர். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கைமுத்து தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதனைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் முடியும் என்பதைக் கைவைக்கும் முன்பே கண்ணால் எண்ணி முடிப்பவரே தேர்ந்த ஆட்டக்காரர். பள்ளிக்கூட வாசல் மிதித்திராத மூதாட்டியர் பலர் மனக்கணக்கில் நம்மைத் தோற்கடித்ததன் இரகசியம் இப்பலகையில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

குழியில் இட்ட முத்து எது என்பதே ஒரு வரலாறு. ஏழை வீட்டில் புளியங்கொட்டை, தோட்டமுள்ள வீட்டில் மஞ்சாடி, கடலோடி வீட்டில் சோழி. இச்சோழியாகிய பலகறைக்குப் பெயர்போன இடம் மாலத்தீவு. 1343, 1344ஆம் ஆண்டுகளில் அங்கு காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவினர் பலகறையைப் பணமாகவே புழங்கியதையும், வங்காளத்துக்கு அனுப்பி அரிசி பெற்றதையும் எழுதியுள்ளார். பின்னர் அவர் நம் மஅபர் கரைக்கும் வந்து மதுரையைக் கண்டார். ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் ஆட்டக்காய் ஆவது வேடிக்கையான செய்தி அல்லவா?

அதே மாலத்தீவில் இரு வரிசைக்கு எட்டெட்டுக் குழிகளுடன் இவ்வாட்டம் 'ஒவல்ஹு' என்னும் பெயரால் வழங்குகிறது. மலாய் நாட்டில் அது 'சொங்காக்'. அங்கு இருமுனையிலும் ஒவ்வொரு பெரிய கிடங்குக் குழி உண்டு. இலங்கைச் சிங்களர் குன்றிமணி கொண்டு ஆடி, அக்குன்றிமணியின் பெயரால் 'ஒலிந்த' ஆட்டம் என்கின்றனர். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் அது 'பாவோ'. இவ்வகை ஆட்டங்கள் அனைத்துக்கும் உலகில் பொதுப்பெயராய் வழங்கும் 'மன்கலா' என்பது, இடம் பெயர்த்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்தது. இந்துமாக்கடலின் கரைகளை ஒருகாலத்தில் பாய்மரங்கள் இணைத்திருந்தன என்பதற்கு நாணயங்களையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் சான்று காட்டுகிறோம். பாட்டிமாரின் பல்லாங்குழியையும் அவ்வரிசையில் வைக்கலாம்.

தாயமும் பரமபதமும் இதுபோலவே நெடும்பயணம் செய்தவை. தாயத்தின் உறவான பச்சீசியை ஆடுவதற்கு அக்பரின் ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் தரையிலேயே கட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாட்டத்தை எளிதாக்கி 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்று காப்புரிமை பெற்றனர். பிறகு அட்டைப் பெட்டியில் அடைபட்டு அது நம் கடைகளுக்கே திரும்பியது. பரமபதத்துக்குச் சூஃபியர் வழக்கில் 'சத்ரஞ்சுல் ஆரிஃபீன்' என்ற வடிவமும் இருந்தது. பழைய பலகைகளில் பாம்புகள் மிகுதி, ஏணிகள் குறைவு. ஆங்கிலேயர் கடைக்குப் போன பிறகுதான் இரண்டும் ஏறக்குறைய சமமாயின.

குப்பையும் கைவேலையும்

இனி ஆண்பிள்ளைகளின் தெருவுக்கு வருவோம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் ஓடியவற்றுள் கடையில் வாங்கியவை மிகச் சில. நுங்கைத் தோண்டித் தின்றபின் எஞ்சும் இரண்டு காய்களை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் அது வண்டி. பனையோலையை மடித்து முள்ளில் குத்தினால் காற்றாடி. ஓலையைப் பின்னி உள்ளே சிறுகல் இட்டால் கிலுகிலுப்பை. தேய்ந்துபோன சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் கிடைத்துவிட்டால் அவன் தெருவுக்கே ராஜா. இரண்டு தீப்பெட்டிகளை நூலால் இணைத்தால் தொலைபேசி. உண்மைத் தொலைபேசி ஊரில் இரண்டு வீடுகளில்கூட இல்லாத காலம் அது! உருகிப்போன மின்விளக்கின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு நீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, திரையரங்கு வாசலில் பொறுக்கிய படச்சுருள் துண்டைப் பிடித்து, இருட்டறைச் சுவரில் 'சினிமா' காட்டிய சிறுவர்களும் உண்டு. குவிவில்லை என்ற சொல்லை அவர்கள் அறியார். அது செய்யும் வேலையை அறிந்திருந்தனர்.

கோலிக்குண்டின் கதையும் இவ்வகையினதே. முன்பு கல்லிலும் களிமண்ணிலும் உருட்டியது. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல், வாயில் கண்ணாடிக் குண்டு வைத்து அடைக்கும் சோடாப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அது நம்மூரில் கோலி சோடா ஆயிற்று. உடைந்த புட்டி எங்கே கிடந்தாலும் குண்டு பையனின் கால்சட்டைப் பைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேயரிடமிருந்து பொருள் மட்டும் வரவில்லை. ஒளிந்து விளையாடும் ஆட்டத்தில் நாம் கூவிய 'ஐஸ் பாய்' என்பதும் 'ஐ ஸ்பை' என்னும் ஆங்கிலத் தொடரின் திரிபே. பனிக்கட்டிக்கும் பையனுக்கும் அதில் தொடர்பில்லை.

கைவினைஞர் செய்த பொருளிலும் பிள்ளைக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. பம்பரத்தைக் கடைசல்காரரிடம் வாங்கலாம். ஆணியைத் தேய்த்துக் கூராக்குவது, சாட்டைக் கயிற்றை முறுக்கேற்றி முடிச்சிடுவது வாங்கியவன் பொறுப்பு. தோற்றவனின் பம்பரத்தில் விழும் 'ஆக்கர்' என்னும் பள்ளம் அவன் ஏற்க வேண்டிய தண்டனை. விதிகளோ தெருவுக்குத் தெரு வேறு. மேலத்தெரு விதி கீழத்தெருவில் செல்லாது. வாதாடி, சண்டையிட்டு, சமாதானமாகி, விதியை முடிவு செய்த பின்னரே ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தைவிட அவ்வழக்கு நீண்ட நாள்களும் உண்டு.

மரப்பொம்மை என்றால் நம் நினைவுக்கு வருவது மைசூர்ச் சாலையில் உள்ள சென்னபட்டணா. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை அங்கு ஊன்றினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பின்னாளில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளைக் கொணர்ந்து தொழிலை வளர்த்தார் என்பர். வெண்மையான வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்க்க மெருகு ஏறும். வாயில் வைத்தாலும் தீங்கில்லாத பூச்சு அது. நம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் கடைசலும் அரக்கும் கொண்டு செய்யப்பட்டவையே. உலை வைக்கும் பானை முதல் திருகை வரை சிறு அளவில் அமைந்த அச்சொப்புகளை வைத்துச் சிறுமியர் மணலைச் சோறாக்கினர்.

பெட்டியில் வந்தவை

முதல் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையில் தகர விளையாட்டுப் பொருள்களுக்கு ஜெர்மனியே தலைமை வகித்தது. 1914இல் போர் மூண்டு ஜெர்மானியச் சரக்கு நின்றதும் அவ்விடத்தை ஜப்பான் பிடித்தது. செல்லுலாய்டு பொம்மைகளும், சாவி கொடுத்தால் ஓடும் தகர வண்டிகளும் அங்கிருந்து வந்தன. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும். பழையவை எல்லாம் பாதுகாப்பானவை என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ளட்டும். கந்தூரிக் கடைகளில் நம்மை மணிக்கணக்கில் நிற்கவைத்த தகரப் படகும் வெளிநாட்டிலிருந்தே வந்தது; 1891ஆம் ஆண்டுக் காப்புரிமை அதற்கு உண்டு. எண்ணெய்த்திரியை ஏற்றி உள்ளே வைத்தால் குழாயில் உள்ள நீர் ஆவியாகிப் பின்பக்கம் தள்ளும். குளிர்ந்ததும் நீரை மீண்டும் உறிஞ்சும். 'டப் டப்' என்ற ஒலியுடன் தாம்பாளத்தில் வட்டமிடும்.

பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு என்று பிழைப்புக்குப் போன நம் சபுராளிகள் ஊர் திரும்பும்போது பெட்டியில் இத்தகைய பொருள்கள் இருந்தன. 1970களில் வளைகுடா நாடுகளின் வாசல் திறந்தபின் மின்கலத்தால் ஓடும் காரும், கண்ணை மூடித் திறக்கும் பெண்பொம்மையும் வந்தன. அவற்றுக்கு நேர்ந்த கதியை ஜமாஅத்தார் அறிவர். பிள்ளை ஒருநாள் தொட்டுப் பார்க்கும். 'உடைந்துவிடும், வாப்பா அனுப்பியது' என்று சொல்லி உம்மா அதனை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். வந்தவர் கண்டு வியப்பதற்காக அது அங்கேயே நிற்கும். பிள்ளையோ வெளியே போய் டயர் உருட்டும். விளையாட்டுப் பொருள் முதன்முதலாகப் பிள்ளையின் கையிலிருந்து பிரிந்த இடம் அந்த அலமாரி என்று நமக்குத் தோன்றுவதுண்டு. தொலைவில் இருந்த தந்தைக்கு அனுப்ப வேறொன்றும் இருக்கவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

பிறகு நடந்தவை விரைவானவை. உள்நாட்டிலேயே பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. அடுத்து மலிவான சீனப் பொருள்கள் நிரம்பின. 2020இல் இந்திய அரசு விளையாட்டுப் பொருள்களின் இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தியது. 2021 சனவரி முதல் தரமுத்திரை பெறாத பொருளை விற்பதற்குத் தடை வந்தது. பூச்சில் கலந்த ஈயம் முதலிய நச்சுகளைக் கருதினால் இது வேண்டிய சட்டமே. பிளாஸ்டிக் என்பதற்காகவே ஒன்றை வெறுக்கவும் வேண்டுவதில்லை. 1958இல் காப்புரிமை பெற்ற லெகோ கட்டைகள் பிளாஸ்டிக்தான். ஆனால் அவற்றைச் சேர்த்து வீடாக்கும் வேலை பிள்ளைக்கே விடப்பட்டுள்ளது. பொத்தானை அழுத்தினால் தானே பாடித் தானே ஆடும் பொம்மையில் பார்ப்பதைத் தவிரப் பிள்ளைக்கு வேலையில்லை. அதனால்தான் மூன்றாம் நாளே அது மூலைக்குப் போய்விடுகிறது.

கைப்பேசி இவ்வரிசையில் கடைசி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறியபோது, அதுவரை தயங்கிய பெற்றோரும் அதனைப் பிள்ளை கையில் கொடுக்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பப்ஜி விளையாட்டுக்குத் தடை வந்தது. அதன் இந்தியப் பதிப்பு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் அமரலாகாது, மூன்று மணி நேரமாவது உடலசைத்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நம் வீடுகளில் இவ்விரு அளவும் தலைகீழாக இருப்பதை யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திரை விளையாட்டில் திறன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதிலும் விரைவு உண்டு, கணிப்பு உண்டு. ஆனால் விதி எங்கோ ஒரு நிறுவனத்தில் எழுதப்பட்டு வருகிறது. அதனோடு வழக்காட மேலத்தெருப் பையனாலும் முடியாது, கீழத்தெருப் பையனாலும் முடியாது.

பழமையை முழுவதும் புகழ்வதும் நம் நோக்கமன்று. கிட்டிப்புள்ளால் கண்ணில் அடிபட்டவர்கள் உண்டு. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சாலையில் சென்றோரின் கழுத்தை அறுத்து உயிர் பறித்ததால், சென்னையில் காவல்துறை அதற்குத் தடை விதித்தது. பூப்பெய்திய மறுநாளே பாண்டிக் கட்டத்தை விட்டு உள்ளே அழைக்கப்பட்ட சிறுமியரின் ஏக்கமும் உண்டு. கடையிலும் வயலிலும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தி சாய்ந்த பிறகே தெரு கிடைத்தது. இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகை பெருகியிருப்பது அன்றைய எல்லா ஆட்டங்களையும்விடப் பெரிது.

ஆயினும் இடம் இல்லாமற் போனதை என்ன சொல்வது? கிட்டிப்புள் ஆடக் காலி மனை வேண்டும். சடுகுடு ஆட மணல் வேண்டும். சடுகுடு 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடியாக இடம்பெற்று உலகப் புகழ் பெற்றது. அது பிறந்த தெருக்களில் இன்று மணல் இல்லை. கான்கிரீட் தளமும் இருசக்கர வண்டிகளும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்குவது தமிழக விதி. அந்நிலம் காகிதத்தில் பூங்காவாகவும் தரையில் வேறாகவும் இருப்பதைக் காணும்போது, பிள்ளை வீட்டுக்குள் முடங்கியதற்குக் கைப்பேசியை மட்டும் குறைகூறுவது நியாயமாகப் படவில்லை.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலை வெளியிட்டார். ஆண்பாலார் ஆட்டு, பெண்பாலார் ஆட்டு எனவும், பகலாட்டு, இரவாட்டு எனவும் பகுத்து, ஒவ்வொன்றும் ஆடும் முறையை ஒழுங்காக எழுதினார். பெரும்புலவர் ஒருவர் கோலிக்கும் பாண்டிக்கும் இவ்வளவு உழைத்தது அன்று சிலருக்கு வியப்பாகவும் இருந்திருக்கலாம். இன்று அவற்றுள் பலவற்றை அந்நூலைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

நம் முற்றங்களிலும் முடுக்குகளிலும் ஆடியவை வீட்டுக்கு வீடு வேறுபட்டவை. அவற்றை முழுமையாக அறிந்தோர் எழுபதைக் கடந்த நம் உம்மம்மாக்களும் வாப்பும்மாக்களுமே. வீட்டில் இன்னும் பலகை இருப்பின், பிள்ளைகளை அவர்கள் அருகே அமர்த்தி ஓர் ஆட்டம் ஆடச்செய்து, கேட்டவற்றை ஒரு தாளில் எழுதி வைக்குமாறு ஜமாஅத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். குழிக்கு ஐந்து முத்தா, ஆறு முத்தா? பசு நான்குக்கா, ஆறுக்கா? தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் மூடிவைக்கும் குழிக்கு என்ன பெயர்? ஐந்தாங்கல்லில் ஒவ்வொரு படிக்கும் சொன்ன சொல் என்ன? முத்து எந்த ஊரிலிருந்து, யார் கொண்டுவந்தது?